மாராத்தா வீட்டு ஐந்து நோட்டுகள்

வெளிநாட்டுக் கூட்டுறவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரையும் போன வாரம் கல்லூரியில் பார்த்தேன். ஒரு நர்சிங் கல்லூரிக்கும் இன்னொரு நாட்டு நர்சிங் கல்லூரிக்கும் இடையிலான உறவை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு மணி நேரம் வந்து பேசச் சொன்னீர்கள். நேரில் வந்தால் நான் படிவங்களைப் பற்றிப் பேசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவேன். படிவங்கள் உங்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. நான் சொல்ல வேண்டியது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. அதை நேரில் சொல்ல ஆரம்பித்தால் சிரித்து மழுப்பிவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தது. பின்லாந்துக் கல்லூரி ஒன்றோடு நாம் போட்டிருந்த ஒப்பந்தம் ஐந்து வருடத்தை முடிக்கப் போகிற நேரம். வருடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய மாணவர்கள் எட்டுப் பேர் ஆறு வாரத்துக்கு இங்கே வருவார்கள். பீளமேட்டில் நம் விடுதியில் தங்கி, அன்னூர்ப் பக்கம் நம் கிராம சுகாதார மையத்துக்குப் போய், இருபது வீட்டாரின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நம் மாணவிகள் இரண்டு பேர் அங்கே போவார்கள். ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கு முன்னால் இரண்டு கல்லூரியும் சேர்ந்து மதிப்பிட வேண்டும், பக்கத்துக்கு ஒருவர் என்று ஏற்பாடு.

நம் பக்கத்துக்குக் கல்லூரி முதல்வர் என்னைப் போட்டார். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்தவள் நான்தான் என்று காரணம் சொன்னார். அந்தக் காரணத்துக்காகவே என்னைப் போட்டிருக்கக் கூடாது. ஆனால் அது அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கேள்வித்தாளை நானே தயாரித்தேன். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் வரை போடலாம். நானே வகுப்பறையில் மாணவிகளுக்குக் கொடுத்தேன், முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், நானே வாங்கி அடுக்கினேன். அன்னூர் ஊழியர்களுக்கும் அந்த இருபது வீடுகளுக்கும் அப்படியே. எல்லாத் தாளும் ஐந்து ஐந்தாக வந்து சேர்ந்தது. விடுதிக் காப்பாளர் மட்டும் ஓர் இடத்தில் நான்கு போட்டிருந்தார். மறுநாள் காலை என் அறைக்கு வந்து, "மேடம், கை தவறி நாலு போட்டுப்போட்டனுங்க. தாளக் குடுங்க, அஞ்சாக்கிடறேன்" என்றார். கொடுத்தேன். அவரும் மாற்றிவிட்டுப் போனார். அதில் எதுவும் தப்பாக எனக்குப் படவில்லை. எல்லாவற்றையும் வரைபடமாக்கி, ஒரே உயரத்தில் நிற்கும் இருபது தூண்களைப் பார்த்து எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பின்லாந்திலிருந்து ஹன்னா வந்தார். என் வயதுதான் இருக்கும். பாடம் நடத்த வருவதற்கு முன் பல வருடம் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். முதல் நாள் விடுதியில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரு வாய் மென்று, யோசித்து, சுமார் என்றார். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவுக்கு நல்லவேளையாக ஆங்கிலம் தெரியாது. நானே நான்கைந்து நாள் பழகிய பிறகுதான் புரிந்துகொண்டேன். அவர் சுமார் என்று சொன்னால் சுமார்தான், அதற்குமேல் கோபமும் இல்லை, குறையும் இல்லை. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

என் வரைபடத்தையும் அப்படித்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "படம் அழகாக இருக்கிறது. ஆனால் இதிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அறைக்குப் போய் யோசித்தபோதுதான் அவர் சொன்னதில் இருந்த நியாயம் உறைத்தது. நம் பக்கத்தில் யாரிடமாவது போய் "எப்படிங்க இருந்துச்சு" என்று கேட்டால் யார் குறை சொல்வார்கள்? கல்யாண வீட்டில் காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டிருந்தாலும் நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டு டம்ளரை மெல்ல ஓரமாக வைப்பவர்கள் நாம். அதிலும் இன்டர்னல் மார்க் போடுகிற டீச்சர் எதிரே உட்கார்ந்து கேட்டால்?

மறுநாள் ஹன்னா சங்கீதாவைக் கூப்பிடச் சொன்னார். சங்கீதா அவிநாசிப் பெண், இறுதியாண்டு மாணவி. முந்தின வருடம் பின்லாந்து போய் வந்தவள். இருபது கேள்விக்கும் ஐந்து போட்டிருந்தாள். நூலகத்தில் மூவரும் உட்கார்ந்தோம். ஹன்னா கேள்வித்தாளைத் தொடவே இல்லை. அங்கே இருந்த நாட்களில் ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தாய் என்று வரிசையாகச் சொல் என்றார்.

சங்கீதா சொல்லத் தொடங்கினாள். இருட்டில் எழுந்தது, பனியில் வழுக்காமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தது, வார்டுக்குப் போய் உடை மாற்றியது எல்லாம் உற்சாகமாக வந்தது. அதற்கப்புறம் நின்றுகொண்டிருந்தேன் என்றாள். எவ்வளவு நேரம் என்று ஹன்னா கேட்டார். பத்து மணி வரை என்றாள். பத்து மணிக்கு என்ன செய்தாய்?

"பத்து மணிக்கு எதுத்தாப்புல இருக்கற செவுத்துக்கிட்டப் போயி நின்னனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சங்கீதாவும் சிரித்தாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது ஹன்னா மட்டும் சிரிக்கவில்லை. மெதுமெதுவாக முழுக்கதையும் வந்தது. நோயாளிகள் பின்னிஷ் மொழி மட்டும் பேசுவார்கள். இவளுக்கு அது தெரியாது. நோயாளியைத் தொட்டு எதுவும் செய்ய அனுமதி இல்லை. கற்றுக்கொடுக்க என்று யாரையும் நியமிக்கவும் இல்லை. ஆறு வாரமும் படுக்கை விரிப்பு மடித்ததும் சுவரோரம் நின்றதும்தான். அப்படியானால் 'மருத்துவமனைத் திறன்களைக் கற்றேன்' என்ற கேள்விக்கு ஏன் ஐந்து போட்டாய் என்று நான் கேட்டேன்.

"அந்த சிஸ்டருங்க எல்லாம் அவ்வளவு நல்லவங்க மேடம். கெளம்பறப்ப எனக்குன்னு ஸ்வெட்டர் பின்னிக் குடுத்தாங்க. அவுங்களுக்குப் போயி எப்படிங்க கம்மியாப் போடறது?"

ஹன்னாவின் காது சிவந்துபோயிற்று. சங்கீதா சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். இது எங்கள் கல்லூரியின் தவறு, அறிக்கையில் வர வேண்டும் என்றார்.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. குறை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பக்கம்தான் என்ற மிதப்பில்தான் மறுநாள் காலை அவரைக் கல்லூரி வேனில் அன்னூருக்குக் கூட்டிப்போனேன்.

மையத்தில் ருக்மணி சிஸ்டர் காத்திருந்தார். அங்கே வெகு காலமாக வேலை பார்ப்பவர். அவரையும் ஏற்றிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போகலாம் என்று யோசித்தபோது, மாராத்தா அக்கா வீடு என்று நான்தான் சொன்னேன். அந்த இருபதில், யார் வந்தாலும் நாம் காட்டுகிற வீடு அது. மாராத்தாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாழைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். கலகலப்பாகப் பேசுவார், வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். எங்களுக்காக அன்று வேலைக்குப் போகாமல் இருந்தார்.

"வாங்க அம்மணி. வா கண்ணு, ஊட்டுக்குள்ள வா" என்று ஹன்னாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். உள்ளே அரிசிம்பருப்புச் சோறு மணத்தது. பிள்ளைகள் வந்துபோனது எப்படி இருந்தது என்று என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நல்லா இருந்தது என்று வழக்கமான பதில் வந்தது. ஹன்னா, அவர்கள் வந்து என்ன செய்தார்கள் என்று கேட்கச் சொன்னார்.

மாராத்தா சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். அதற்குள் பாலித்தீன் கவரில் சுற்றிய ஐந்து நோட்டுகள். அட்டையில் ஏரி, பனிக்காடு, கலைமான் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம்.

"ஒவ்வொரு செட்டுப் புள்ளைங்களும் ஒண்ணொண்ணு குடுத்துட்டுப் போச்சுங்க. கை படாம வெச்சிருக்கறனுங்க."

அவர் அவற்றைப் பரிசு என்று நினைத்திருந்தார். பரிசுகள் அல்ல, பதிவேடுகள். ஒவ்வொரு வருடக் குழுவும் அவருடைய எடை, ரத்த அழுத்தம், அறிவுரை எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அவரிடமே கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தது. ஹன்னா பாயில் உட்கார்ந்து ஐந்தையும் வருட வரிசையில் விரித்து வைத்தார். நானும் குனிந்து பார்த்தேன். முதல் நோட்டில் அழுத்தம் சரியாக இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல். மூன்றாவதில் இன்னும் கூடுதல், மருத்துவரிடம் காட்டவும் என்று ஒரு வரி. நான்காவதில் அந்த வரிக்கு அடிக்கோடு. ஐந்தாவதில் அதே வரி சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு. கூடுதல் என்று எழுதிய நான்கு குழுவும் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தார்கள். ஐந்தையும் சேர்த்துப் படித்தவர்கள் அந்த வீட்டில் அன்றுவரை யாரும் இல்லை.

தலைவலி உண்டா அக்கா என்று கேட்டேன்.

"காத்தால எந்திரிச்சாப் பின்மண்ட கனமாத்தாங்க இருக்குது. பொழுதுக்கும் வெயில்ல நிக்கறமில்லீங்க, அதுதான்னு உட்டுப்போட்டேன்."

ருக்மணி சிஸ்டரிடம் சொல்லவில்லையா என்றேன். சிஸ்டருடைய ஆட்கள் இந்தப் பக்கம் வருவதில்லையே என்றார் சாதாரணமாக. "அதுதான் வெள்ளக்காரப் புள்ளைங்க பாக்கறாங்கல்லீங்க. நமக்கு எதுக்குங்க ரெண்டு பக்கமும்?"

கருவியைக் கட்டிப் பார்த்தேன். மற்றக் கையிலும் கட்டிப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுதி உங்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. உடனே டாக்டரிடம் போக வேண்டிய எண் அது. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் பதற்றத்தில் இன்னும் ஏறும். குரலை மாற்றாமல், வாங்கக்கா, டாக்டரை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்றேன். அவர் நகரவில்லை. விருந்தாளிகளைப் பசியோடு எழுப்புவது நடக்காத காரியம். சோறு ஆறிவிடும், முதலில் உட்காருங்கள் என்று தட்டுகளை எடுக்கப் போனார். நான் இரண்டு தடவை சொன்னேன், ருக்மணி சிஸ்டர் ஒரு தடவை சொன்னார்.

ஹன்னாவுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஆனால் எதில் சிக்கல் என்று பார்த்தார். அடுப்படிக்குப் போனார், துணியால் பிடித்துச் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கினார், நேராக வேனுக்குள் கொண்டுபோய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாராத்தா அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, தட்டுகளையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து ஏறினார். சோறு போன இடத்துக்கு அவர் வருவார் என்று ஹன்னாவுக்கு எப்படித் தெரிந்ததோ.

மையத்து டாக்டர் அவரைப் படுக்கவைத்து, மாத்திரை கொடுத்து, மதியம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தார். மறுநாள் கோயமுத்தூரில் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். இதயம், சிறுநீரகம், கண் எதற்கும் சேதம் இல்லை. அன்று மதியம் அழுத்தம் இறங்கத் தொடங்கிய பிறகு மையத்திலேயே எல்லோரும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். டாக்டர் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, இனிமேல் உப்பைக் குறையுங்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள் என்று மாராத்தாவுக்கு அறிவுரை சொன்னார். ஹன்னா சோறு எப்படி என்று யாரும் கேட்காமலேயே, மிக நன்றாக இருக்கிறது என்றார். அவரிடமிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பாதித் தட்டோடு எழுந்தேன். ருக்மணி சிஸ்டரைத் தனியே அழைத்து, இந்தத் தெருவுக்கு ஏன் நம் ஆட்கள் போகவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன். அவர் உள்ளே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார்.

"அந்த இருவது ஊடும் மாணவர் லிஸ்ட்டுங்க மேடம். எங்க லிஸ்ட்டுல இருந்து எடுத்துடச் சொல்லி அப்பவே லெட்டர் வந்துருச்சுங்க."

ஐந்து வருடத்துக்கு முந்தின கடிதம். ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கடிதம். கீழே என் கையெழுத்து. எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. வருடத்தில் ஆறு வாரம் வந்துபோகிறவர்களுக்காக, வருடம் முழுக்க அங்கேயே இருக்கிறவர்களை அந்த வாசல்களிலிருந்து எடுத்துவிட்டவள் நான்.

கோயமுத்தூர்ப் பரிசோதனைக்கு அடுத்த இரண்டு நாளும் மூன்றாமாண்டு மாணவிகளோடு மீதிப் பத்தொன்பது வீட்டுக்கும் போனோம். இன்னும் மூன்று பேருக்கு உடனே வைத்தியம் தேவைப்பட்டது. மூன்று பேரையும் பார்த்துச் சரிசெய்துவிட்டோம். யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அறிக்கை எழுதுகிற நாள் வந்தது. முதல்வர் என்னை அழைத்தார். நல்ல மனிதர், கல்லூரிக்காக உழைத்தவர். அந்த அம்மாவுக்குச் சரியாகிவிட்டதே, அப்புறம் எதற்கு அறிக்கையில் என்று கேட்டார். இதைப் படித்தால் அவர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவிடலாம், போவதற்கு எத்தனை பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றார். கடைசியாகத் தயங்கித் தயங்கி, "அந்த லெட்டர்ல உங்க கையெழுத்து இருக்குதுங்களே மேடம். ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றார். மிரட்டல் இல்லை, அன்பினால்தான் சொன்னார். அதனாலேயே அது கனமாக இருந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். கல்லூரிக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்கு ஹன்னாவை அழைத்துப் போனேன். டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு, முதல்வர் சொன்னதையும் கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவர் கைப்பேசியை எடுத்து ஒரு செய்தியைக் காட்டி அர்த்தம் சொன்னார். அவருடைய கல்லூரித் தலைவர் அனுப்பியது. சங்கீதா விஷயத்தைக் கொஞ்சம் மென்மையாக எழுத முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு பேரும் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். இளம் வயதில் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். கழிவறைக்கு அழப் போனவரை வார்டின் மூத்த நர்ஸ் வழியிலேயே நிறுத்தி, கையில் பேனாவைக் கொடுத்தாராம். முதலில் எழுது, அப்புறம் அழு என்றாராம். எழுதியதால்தான் அடுத்த ஷிப்டில் வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்தது, நோயாளி பிழைத்தார்.

அந்த மேசையிலேயே முடிவு செய்தோம். சுவரோரம் நின்ற கதையை ஹன்னா எழுதுவார். நோட்டுகளின் கதையை நான் எழுதுவேன். அவரவர் கல்லூரியின் தவறை அவரவர் கையால் எழுதுவது. நீங்கள் நால்வரும் இன்றைக்கும் அந்த முறையில்தான் வேலை செய்கிறீர்கள். அது ஏதோ நிபுணர் குழு வகுத்தது என்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். தேங்காய் பன் தின்றுகொண்டே வகுத்தது.

மறுநாள் என் பகுதியை முதல்வரிடம் கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் கையெழுத்துதான் என்று அப்படியே எழுத வேண்டுமா என்றார். ஆமாம் என்றேன். பேனாவை எடுத்து அந்த வரிமேல் குனிந்தார். அடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கிப் பார்த்தால், கடிதம் முதல்வரின் ஒப்புதலோடு அனுப்பப்பட்டது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஒப்பந்தம் நிற்கவில்லை. புது வரைவில் நிறைய மாறியது. நோட்டு எழுதினால் மையத்தின் பதிவேட்டில்தான் எழுத வேண்டும், எந்த வீடும் ருக்மணி சிஸ்டரின் பட்டியலை விட்டுப் போகாது, இங்கிருந்து போகும் மாணவிக்கு அங்கே பெயர் சொல்லி ஒரு நர்ஸ் பொறுப்பு என்றெல்லாம் வந்தது. இறுதிக் கூட்டத்தைப் பீளமேட்டு அரங்கில் வைக்காமல் அன்னூர் மையத்தில் வைத்தோம். ஹன்னாவும் பின்லாந்திலிருந்து மறுபடி வந்திருந்தார். வீட்டுக்காரர்களிடம், எப்படி இருந்தது என்று கேட்காமல், அடுத்து வருகிறவர்களிடம் என்ன சொல்லி அனுப்பட்டும் என்று கேட்டேன். மாராத்தா எழுந்தார். மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டு, அழுத்தம் கட்டுக்குள் வந்து, முகம் தெளிந்திருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. போறப்ப சொல்லீட்டுப் போகச் சொல்லுங்க. போன ரெண்டு செட்டும் நோட்டக் குடுத்ததோட சரி, சொல்லாமப் போயிட்டாங்க. நாளைக்கு வருவாங்க நாளைக்கு வருவாங்கன்னு நாலு நாள் ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க."

ஐந்து வருடத்தில் நமக்குக் கிடைத்த முதல் குறை அதுதான். ஹன்னா மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு, அதை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு மாணவரும் நாடு திரும்புமுன் தாம் பார்த்த வீடுகளுக்குச் சென்று விடைபெற வேண்டும் என்று ஒரு பிரிவாக எழுதி அனுப்பினோம்.

இரண்டு வாரத்தில் பின்லாந்துக் கல்லூரியின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விடைபெறுதல் என்றால் என்ன, தெளிவாக வரையறுத்துத் தரவும் என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும், கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், கிளம்பும்போது வாரேன் என்று சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை.

அதற்கும் ஒரு கேள்வி வந்தது. வருகிறேன் என்று சொல்வதால் மாணவருக்குத் திரும்பி வரும் கடமை ஏற்படுமா?

கடமை இல்லை, ஆனால் அந்த வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்று பதில் போட்டேன்.

அதற்குமேல் கேள்வி வரவில்லை. கையெழுத்தாகி வந்த ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவைப் பாருங்கள். நான் எழுதிய அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்.